பதினொன்று பத்து

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு வரிசையில் நாற்பத்தோராயிரம் மெயில்கள் நின்றன. வழக்கமாக அந்த நேரத்தில் இருநூறுக்கு மேல் இருக்காது. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அவள் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்திரண்டாயிரம் ஆனது.

குப்பை மெயில் அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருடமாக அவள் வேலையே அதுதான். குழாய் வால்வுகள் செய்யும் அந்தக் கம்பெனியில் நானூறு பேருக்கு மெயில் முகவரி உண்டு. பரிசு விழுந்திருக்கிறது, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, பார்சல் காத்திருக்கிறது என்று நாளொன்றுக்கு மூவாயிரம் பொய்கள் அந்த நானூறு பேரைத் தேடி வரும். எந்த சர்வரிலிருந்து வருகிறது என்று பார்த்துத் தடுப்புப் பட்டியலில் சேர்ப்பாள். மறுநாள் வேறு சர்வரிலிருந்து வரும். அதையும் சேர்ப்பாள். குப்பையோடு ஒரு நல்ல கடிதம்கூடப் போய்விடக் கூடாது என்பதால் தடுத்தவற்றை மத்தியானம் ஒருமுறை கிளறிப் பார்ப்பாள். ஆபீஸில் அவளைச் 'சல்லடை' என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அன்று குப்பை உள்ளே வரவில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தது. கம்பெனியின் சொந்த சர்வரிலிருந்து, கம்பெனியின் பெயரில், உலகம் முழுக்க.

அனுப்புவதை நிறுத்தினாள். எல்லா மெயிலும் ஒரே கணக்கிலிருந்து கிளம்பியிருந்தது. கொள்முதல் பிரிவின் தலைவருடையது. அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. முதலாளிக்கு மட்டும்தான் அவர் மச்சான் என்றாலும், ஆபீஸ் முழுக்க அவருக்கு 'மச்சான் சார்' என்றுதான் பெயர். அந்தக் கணக்கைப் பூட்டினாள். அதற்குள் அறுபதாயிரம் போய்விட்டிருந்தது.

பாஸ்வேர்டைத் தப்பாக ஐந்து முறை அடித்தால் கணக்கு ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். அந்த விதியை அவளே எழுதியிருந்தாள். சாவிக் கொத்தோடு வந்த திருடன் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பதுபோல, எங்கோ இருக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்க பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஐந்துக்கு மேல் விடாவிட்டால் சலித்துப்போய்விடும். இந்த விதிக்கு விலக்காக ஒரே ஒரு கணக்குதான் உண்டு. மூன்றாவது மாடி ஸ்கேன் மெஷினுடையது. ஸ்கேன் செய்ததைத் தானே மெயிலில் அனுப்பும் அதற்கு, பாஸ்வேர்டை யோசித்து அடிக்கத் தெரியாது.

விலக்குப் பட்டியலைத் திறந்தாள். ஸ்கேன் மெஷினுக்குக் கீழே மச்சான் சார் இருந்தார்.

அப்போதுதான் பையை இறக்கி வைத்தாள்.

குருவி பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். அந்தச் சின்ன அறையில் அவளுக்கு அடுத்த நாற்காலி. மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசுபவள் என்பதால் வந்த பெயர். வந்ததும் பஸ்ஸில் யாரோ காலை மிதித்த கதையை ஆரம்பித்தவள் திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மச்சான் சாரை இந்தப் பட்டியல்ல யாரு சேர்த்தா?"

குருவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள்.

"நான்தான்க்கா. அன்னைக்கு நீங்க பாப்பாவை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கல்ல. நம்ம 'அப்புறம் சார்' போன் பண்ணாரு. மச்சான் சார் வெளியூர்ல நிக்கிறாரு, மெயில் திறக்கலன்னு குதிக்கிறாரு, விதியை எடுத்து விடுன்னாரு. எழுதிக் குடுங்க சார்னேன். அப்புறம் தரேன்னாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க வந்ததும் பாப்பா காது கதைதான் பேசினோம். அப்படியே மறந்துட்டேன்."

 'அப்புறம் சார்' இருவருக்கும் மேலதிகாரி. எதைக் கேட்டாலும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்பவருக்கு அந்தப் பெயரை வைத்ததும் குருவிதான். கெட்டவர் இல்லை. கோபித்துப் பேசமாட்டார். அவர் வாயால் சொன்னதைச் செய்துவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருப்பது அந்த அறையில் வழக்கம். மாற்றப் பதிவேட்டில் கையெழுத்துக் கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக வெள்ளையாக இருந்தது.

மச்சான் சாரின் பாஸ்வேர்ட் கம்பெனியின் பெயரும், அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். அது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் என்று குருவி முன்பு ஒருநாள் சிரித்ததுண்டு. இன்று இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"சரி விடு," என்றாள் அவள், பட்டியலிலிருந்து அந்தக் கணக்கை நீக்கிக்கொண்டே. "சார் சொல்லித்தானே செஞ்ச. சார் பாத்துக்குவாரு."

அடுத்த மூன்று நாள் இருவரும் சாப்பாட்டு டப்பாவைக் கணினி முன்னாலேயே திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். வேறு ஊர்களில், வேறு கம்பெனிகளில் உட்கார்ந்திருக்கும் சல்லடைகள் இப்போது அவளுடைய சர்வரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். இந்தக் கம்பெனி அனுப்பும் எதுவும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. விலைப்பட்டியல் போகவில்லை, ரசீது போகவில்லை. விற்பனைப் பிரிவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கதவில் சாய்ந்து நின்று எப்போது சரியாகும் என்று கேட்டார்கள். ஒரு பட்டியல்காரருக்கு எழுதி, காரணம் சொல்லி, இனி நடக்காது என்று வாக்குக் கொடுத்து வெளியே வந்தால் இன்னொரு பட்டியல் நிற்கும். இப்படிக் கெஞ்சி வரும் கடிதங்களை அவளே எத்தனையோ முறை சந்தேகத்தோடு படித்திருக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பட்டியலிலிருந்தும் பெயர் நீங்கியது. குருவி அவள் தோளில் தலையைச் சாய்த்து, "ஊரு கண்ணு பட்டுடுச்சுக்கா நமக்கு," என்றாள்.

அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது. விலைப்பட்டியல் கிடைக்காததால் வாங்குபவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். முதலாளி காரணம் கேட்டிருக்கிறார் என்று மாடியிலிருந்து சேதி வந்தது.

அவளுக்குப் பயமில்லை. எண்பத்து மூன்று நாள் முடிந்திருந்தது, இன்னும் ஏழு நாள்தான் என்ற நினைப்பே பெரிதாக இருந்தது.

அவளும் குருவியும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நிரந்தரம் ஆவதற்குக் கம்பெனியில் ஒரு கணக்கு உண்டு. அதற்கான பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து தொண்ணூறு வேலைநாள் ஒரு நாளும் விடாமல் வர வேண்டும். இடையில் ஒரு நாள் விட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து. நிரந்தரமானால் குடும்பத்துக்கும் மருத்துவ அட்டை கிடைக்கும். மகளுக்கு ஒன்பது வயது. இடது காது கேட்கவில்லை. வலது காதும் மங்கிக்கொண்டு வருகிறது. ஆபரேஷன் செய்தால் வலதைக் காப்பாற்றலாம், வருடம் திரும்புவதற்குள் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அட்டை இருந்தால் அடுத்த மாதமே செய்யலாம். இல்லாவிட்டால் பொது வரிசை. பொது வரிசை எப்போது நகரும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த தேதி போன மாதம் பதினாலு, ஒரு செவ்வாய்க்கிழமை. தவறவிட்டால் அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. பதிமூன்றாம் தேதி சாயங்காலம் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, குருவிதான் அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கயிற்றோடு கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"போயிட்டு வாங்கக்கா. காலைல ரெண்டு அட்டையும் தேய்க்கிறேன், சாயங்காலம் ரெண்டும் தேய்க்கிறேன். அந்த மெஷினுக்குக் கண்ணா இருக்கு?"

"யாராவது கேட்டா?"

"யார் கேட்டாலும் அக்கா நாள் பூரா இங்கதான் இருந்தாங்கன்னு சொல்லுவேன். தலையில அடிச்சு சத்தியம் பண்ணட்டுமா?"

அவள் வேண்டாம் என்று தடுப்பதற்குள் குருவி தன் தலையிலேயே பட்டென்று அடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். மறுநாள் டெஸ்ட் முடிந்து, மகளை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குச் சரக்கு வண்டி வரும் பின்வாசல் வழியாக அவள் ஆபீஸுக்கு வந்தாள். அவளும் குருவியும் சாயங்காலம் வரை மகளின் காதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு நிர்வாக அறைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை. ஒரு பக்கம் பணியாளர் பிரிவு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்தவர். அவருக்குப் பக்கத்தில் அப்புறம் சார். அவளை எதிரில் உட்காரச் சொன்னார்கள்.

அம்மா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சர்வரே எழுதி வைக்கும் பதிவின் அச்சு. ஒரு வரி மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. பதினாலாம் தேதி, பதினொன்று பத்து, விலக்குப் பட்டியலில் ஒரு கணக்கு சேர்க்கப்பட்டது. சேர்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

அவள் நிதானமாகவே சொன்னாள். தடுப்பு மென்பொருளுக்குக் கம்பெனி ஓர் உரிமம்தான் வாங்கியிருக்கிறது. அது ஒரே கணினியில், ஒரே பெயரில்தான் வேலை செய்யும். கணினி தன் மேஜையில் இருக்கிறது, பெயர் தன்னுடையது. அதில் இரண்டு பேர் வேலை பார்க்கிறோம். இன்னோர் உரிமம் கேட்டபோது, ஒரு வீட்டுக்கு ரெண்டு பூட்டு எதுக்கு என்று சொன்னவர் சார்தான்.

"உங்களுக்குத் தெரியுமே சார்," என்றாள்.

அப்புறம் சார் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். பிறகு தன் முன்னால் இருந்த கோப்பிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். பாஸ்வேர்டை எவருக்கும் தரக் கூடாது. நாலு வருடத்துக்கு முந்தையது. கீழே படித்தேன் என்று அவள் போட்ட கையெழுத்து.

"நான் எழுத்துலயே குடுத்திருக்கேன்," என்றார். அவர் எழுத்தில் கொடுத்த ஒரே தாள் அதுதான்.

விலக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா என்று அம்மா கேட்டார். சார் போனில் சொன்னதாகச் சொன்னாள். எப்போது, உன்னிடமா என்று கேட்டார்.  சார் அவளிடம் சொல்லவில்லை. குருவியிடம் சொன்னார். ஏன் குருவியிடம் என்றால், பதினொன்று பத்துக்கு அவள் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மகள் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கை தூக்கு என்று சொன்னதற்காகக் கையை மடியில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை ரொம்ப நேரம் மேலே வரவில்லை.

"பக்கத்துச் சீட்டுப் பொண்ணக் கேளுங்கம்மா," என்றாள். "அவ சொல்லுவா."

குருவியைக் கூப்பிட்டார்கள். வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அப்புறம் சார் குருவியை மட்டும் அறைக்கு அழைத்துப் பேசியது அவளுக்குத் தெரியும். சர்வர் விஷயம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தக் கணக்கைப் பட்டியலில் சேர்த்தது நீயா என்று அம்மா கேட்டார். எனக்கு அந்தப் பாஸ்வேர்ட் தெரியாது என்றாள் குருவி. குரல் கீச்சென்று வந்தது. பதினாலாம் தேதி உன் பக்கத்து இருக்கையில் இவர் இருந்தாரா என்று அம்மா கேட்டார்.

குருவி தன் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா அன்னைக்கு நாள் பூரா இங்கதான் இருந்தாங்க."

சொல்லி வைத்ததுபோல அதே வார்த்தைகள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

 அவள் பையைத் திறந்தாள். மகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எப்போதும் அதில்தான் இருக்கும். பதினாலாம் தேதிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். மகளின் பெயர், உடன் வந்தவர் தாய், உள்ளே போன நேரம் பத்து ஐம்பது, வெளியே வந்த நேரம் இரண்டு ஐந்து. ஊதா முத்திரை.

அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். சீட்டைப் படித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவளுடைய வருகைப் பதிவு. பதினாலாம் தேதி, ஒன்பது இரண்டுக்கு உள்ளே, ஐந்தே முக்காலுக்கு வெளியே.

"அப்ப இது என்னம்மா?"

அவள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாரும்மா, ரெண்டுல ஒண்ணுதான் நெசம். நீ இங்க இருந்தேன்னா, கவனக்குறைவு. ஒப்பந்தத்த முடிச்சுக்கிட்டு அனுபவச் சான்று குடுத்து அனுப்பலாம். நீ இங்க இல்லேன்னா, உன் அட்டைய வேற யாரோ தேய்ச்சிருக்காங்க. அது மோசடி. சான்றும் கிடையாது. தேய்ச்சது யாருன்னு விசாரிச்சு அவங்களையும் சேர்த்து வெளிய அனுப்பணும்."

அப்புறம் சார் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். கனிவாகவே பேசினார். "யோசிச்சு சொல்லுங்கம்மா. அவசரம் இல்ல."

குருவியின் முட்டி மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் மேஜை வழியாக அவள் கைக்கு வந்தது. சான்று இல்லாமல் ஆறு வருடத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று நினைத்தாள். மேஜை ஆடிக்கொண்டே இருந்தது.

சீட்டை எடுத்து நாலாக மடித்தாள்.

"தேதி மாத்திப் பார்த்துட்டேன்மா," என்றாள்.

கடிதம் தயாராகவே இருந்தது. பதினாலாம் தேதி பதினொன்று பத்துக்கு என் கவனக்குறைவால் இந்த மாற்றத்தைச் செய்தேன் என்று அதில் அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக அப்புறம் சார் உடனே கையெழுத்துப் போட்டார்.

அவள் சாமான்களைக் குருவியே ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். டீ கப், ஏசிக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வை, மகள் வரைந்த யானை. கழுவித் துடைத்த சாப்பாட்டு டப்பா. லிஃப்ட் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. வழியில் எதுவும் பேசவில்லை. மூன்று வருடத்தில் அப்படி அவள் வாய் மூடியிருந்து பார்த்ததில்லை.

லிஃப்ட் வந்தது. பெட்டி கை மாறியது. கதவு மூடப்போகும் சமயம் குருவி அதைக் கையால் தடுத்தாள்.

"அக்கா." நிறுத்தினாள். "அந்த ஸ்கேன் மெஷின் பாஸ்வேர்ட எங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

அவள் குருவியையே பார்த்தாள்.

"கீபோர்டுக்கு அடியில," என்றாள்.

கீழே வாட்ச்மேன் அட்டையைக் கயிற்றோடு வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கிளறிப் பார்த்து, யானைப் படத்தை மட்டும் கசங்காமல் மேலே வைத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் மகளோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். பொது வரிசையில் பெயர் பதிவதற்கே ஒரு வரிசை. காலை ஆறு மணிக்கு வந்து வாங்கிய எண் முன்னூற்றுப் பன்னிரண்டு. மகள் வலது காது ஒலிபெருக்கியின் பக்கம் இருக்கும்படி இடம் மாறி உட்கார்ந்து, எண் கூப்பிடும்போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

சரியாக ஒன்பது மணிக்கு அவள் போன் அதிர்ந்தது. தினமும் காலை வரும் அறிக்கை. சர்வரே படுத்துவிட்டாலும் தனக்குத் தெரிய வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்பு தன் சொந்த முகவரிக்கு வரும்படி அவள்தான் செய்து வைத்திருந்தாள். நிறுத்த யாருக்கும் தோன்றவில்லைபோலும். முதல் இரண்டு நாள் திறக்காமல் இருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து திறக்கிறாள்.

நேற்றுத் தடுக்கப்பட்டவை மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. தடுத்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். உரிமத்தில் இருக்கும் ஒரே பெயர் அதுதான். கீழே இன்னொரு வரி புதிதாக இருந்தது. விலக்குப் பட்டியலில் ஒரு கணக்கு சேர்க்கப்பட்டது, இன்று எட்டு நாற்பத்தேழு. மறுபடியும் மச்சான் சாரின் கணக்குதான். சேர்த்தவர், அவள்.

மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உன் பேரு போட்டிருக்கு."

அவள் தலையசைத்தாள்.

"திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?" மகளுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று தெரியாது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. மகள் உடனே தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கையை மடியிலிருந்து பாதி தூக்கி வைத்துக்கொண்டாள். கூப்பிட்டது நாற்பத்தொன்றை.